படத்தின் பின்னால் எழுதுங்கள்

(பாறசாலை அருகே ஒரு தொடர்கல்வி மையத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



என் கையில் நான்கு படங்கள் இருக்கின்றன. அகத்தியர் மலைக்குப் போனபோது எடுத்தவை. வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.

அகத்தியர் மலை நமக்குப் புதியது அல்ல. நம் நெய்யாறு அங்கேதான் பிறக்கிறது. நெய்யாற்றின்கரை வழியாக ஓடுகிறது. பூவாறில் கடலில் சேருகிறது. மலையின் உயரம் 1,868 மீட்டர்.

முதல் படம் போணக்காடு. நடை இங்கே தொடங்குகிறது. இரண்டாவது படம் அதிருமலை முகாம். இரவில் இங்கே தங்கினோம். மூன்றாவது படம் செங்குத்தான பாறை. கயிற்றைப் பிடித்து ஏறினோம். என் கால் நடுங்கியது. நான்காவது படம் உச்சி. அங்கே அகத்தியர் சிலை இருக்கிறது. சுற்றிலும் மேகம்.

இந்தப் படங்களைப் பார்த்த ஓர் அண்ணன் கேட்டார்: "மலை தீ கக்குவதை டிவியில் காட்டினார்கள். நம் மலையும் கக்குமா?"

கக்காது. நம் மலை எரிமலை அல்ல. பூமிக்குள் பாறை உருகிக் குழம்பாகிறது. அந்தக் குழம்பு வெளியே வரும் இடம்தான் எரிமலை. இந்தியாவில் இன்றும் பொங்கும் எரிமலை ஒன்றுதான். அது அந்தமானில் உள்ள பாரன் தீவு. அங்கே மக்கள் வாழ்வதில்லை. அது நூறு ஆண்டுகளுக்கு மேல் அமைதியாக இருந்தது. 1991-இல் மீண்டும் பொங்கியது.

இனி ஒரு முக்கியமான செய்தி. முன்பு பெண்கள் அகத்தியர் மலை உச்சிக்குப் போக முடியாது. அங்கே வாழும் காணி மக்களுக்கு அது புனிதமான இடம். பெண்கள் ஏறக்கூடாது என்பது அவர்களின் வழக்கம். சில பெண்கள் நீதிமன்றம் போனார்கள். பெண்களும் போகலாம் என்று 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் யாரையும் தடுக்கவில்லை. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சிக்குப் போனார். அதன் பிறகு பல பெண்கள் போனார்கள். நானும் போனேன்.

நம் மையத்தில் படிக்கும் ஒரு பாட்டி மூன்றாவது படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மக்களே, என் வீட்டுக்காரர் இந்த மலைக்குப் போனார். நானும் வாறேன் என்றேன். பெண்கள் போகக் கூடாது என்றார்கள். அவர் வந்து கதை சொன்னார். அவரும் போய்விட்டார். கதையில் பாதி எனக்கு மறந்து போச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் படத்தைத் திருப்பி, ஒரு பேனாவைக் கொடுத்தேன். "மறக்காத பாதியை எழுதுங்கள், பாட்டி" என்றேன். அவர் மெதுவாக எழுதினார்: "பாறையில் கயிறு உண்டு. அவர் பயப்படவில்லை."

இரண்டே வரி. இனி அது மறக்காது.

உங்கள் வீட்டிலும் படங்கள் இருக்கும். அலமாரியில் இருக்கும், பெட்டியில் இருக்கும். படத்தில் யார்? எந்த ஊர்? எந்த ஆண்டு? இன்று உங்களுக்குத் தெரியும். நாளை பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. படம் தானாகப் பேசாது. அதன் பின்னால் நீங்கள்தான் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு படம் கொண்டு வாருங்கள். பின்னால் இரண்டு வரி எழுதி வாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. நாம் சேர்ந்து படிப்போம்.