மூங்கிலின் பங்காளிகளும் சம்பந்திகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். நான் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிற மூங்கிலைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

மூங்கில் மரமல்ல, புல். நெல்லுக்கும் கரும்புக்கும் சொந்தக்காரன். உலகில் ஏறத்தாழ 1,700 இனங்கள் உண்டு. "பூவைப் பார், குடும்பத்தைச் சொல்" என்றுதான் நமக்கு இந்தக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தார்கள். மூங்கிலிடம் அந்தப் பாச்சா பலிக்காது. மிசோரமில் மெலோகன்னா என்ற மூங்கில் சுமார் 48 வருஷத்துக்கு ஒரு தடவைதான் காடு முழுக்கப் பூக்கும், காய்த்ததும் செத்துப்போகும். ஜப்பானின் மதாகே மூங்கிலுக்கு 120 வருஷக் கணக்கு. அதன் பூவை நம்பி ஒருவர் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தால், பட்டத்தைப் பேரன்தான் வாங்க வேண்டும்!

ஆகவே, பூ கிடைக்காத இடத்தில் கணுவையும் இலையையும் குருத்தை மூடும் உறையையும் வைத்துப் பெயர் வைத்தார்கள். ஒரே மூங்கிலுக்கு ஆளுக்கொரு பெயர். டி.என்.ஏ. வந்த பிறகுதான் விடிவு பிறந்தது. அதற்கு ஓர் இலைத்துண்டு போதும்.

முதலில் பசுங்கணிகத்தில் உள்ள டி.என்.ஏ.வைப் படித்தார்கள். புல் வகைகளில் அது பெரும்பாலும் தாய்வழிச் சொத்து. அது ஒரு விசித்திரமான செய்தியைச் சொன்னது: வெப்பநாட்டுப் பெருமூங்கில்களுக்கு நெருங்கிய சொந்தம் குளிர்நாட்டுப் பெருமூங்கில்கள் அல்ல, பூண்டு மாதிரி வளரும் சின்ன மூங்கில்களாம்! பிறகு உட்கருவின் டி.என்.ஏ.வைப் பார்த்தால், அது பெருமூங்கில்கள் எல்லாம் ஒரே கூட்டம் என்கிறது. ரெண்டு சாட்சி, ரெண்டு கதை. எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம் என்பதுதான் இதிலுள்ள அழகு. 2019இல் வெளிவந்த முழு மரபணுத்தொகுதி ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்கியது. பூண்டு மூங்கில்களில் குரோமோசோம் தொகுதி இரண்டு. குளிர்நாட்டு மூங்கிலிலும் அமெரிக்க வெப்பநாட்டு மூங்கிலிலும் நான்கு. நம் ஊர் முள் மூங்கில் சேர்ந்த ஆசிய வெப்பநாட்டுக் கூட்டத்தில் ஆறு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், வெவ்வேறு வம்சங்கள் கலந்து இவை பிறந்திருக்கின்றன. கலந்தவற்றில் ஒரு வம்சம் எல்லாப் பெருமூங்கில்களுக்கும் பொது. அதனால்தான் உட்கரு ஒரே கூட்டம் என்கிறது. தாய்வழி வேறு வேறு. அதனால் பசுங்கணிகம் பிரித்துக் காட்டுகிறது. நம் வழக்கில் சொன்னால், இவர்கள் பங்காளிகள் மட்டுமல்ல, சம்பந்திகளும்கூட. கிளை பிரியும் மரமாக மட்டும் வரைந்தால் இந்த உறவு அடங்காது, வலையாகத்தான் வரைய வேண்டும்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. நீலகிரி முதலான மலைகளின் சோலைக்காட்டு ஓரங்களில் மெல்லிய மூங்கில் புதர் ஒன்று இருக்கிறது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதன் உறவுகள் உண்டு. அருண்டினேரியா, சினருண்டினேரியா என்று மாறி மாறிப் பெயர் சூட்டினார்கள். சீனத்து மூங்கில்களின் ஒரு கிளை என்றுதான் நெனச்சாங்க. டி.என்.ஏ. ஒப்பீட்டில் இது தனி வம்சம் என்று தெரிந்து, 2014இல் 'குருனா' என்ற புதிய பேரினத்தில் வைத்தார்கள். இதன் வம்சம் இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் இல்லை. சோலைக்காடு ஒன்றை அழிக்கும்போது எது போகிறது என்று இப்போதாவது கணக்குச் சொல்ல முடிகிறது.

மாணவர்களுக்கு ஒரு விஷயம். எந்தச் செடியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. என்று காட்ட ஹெர்பேரியம் தாள் இல்லையென்றால், கம்ப்யூட்டரில் உள்ள அந்த வரிசைக்கு நம்பகம் கிடையாது. பழைய காய்ந்த இலையிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். நம் துறையின் மாடி அறையில் இருக்கும் தாள்களை, "இடத்தை அடைக்குது, எடுத்துடலாம்" என்ற பேச்சு காதில் விழுந்தது. புதிய ஆய்வுக்கூடம் அவசியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுகளில் பூவோடு கூடிய மூங்கில் தாள் ஒன்று இருந்தாலும், அதே பூவை மறுபடி பார்க்க இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருக்கு ஆயுள் போதாது.

பூச்சி அரிக்காத இரண்டு இரும்பு அலமாரிகள் வேண்டும். என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். ரசீதுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது.