கரைப்பட்டி: இரண்டு தரம் பிரித்து மூன்றாம் தரம் தைத்த கதை

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எனக்குப் பின்னால் தொங்குகின்ற ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அதன் அழகைப் பற்றி நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நான் அதில் விட்ட பிழைகளைப் பற்றிப் பேசுகிறேன். தையல் வகுப்பில் நாற்பது வருடங்களுக்கு முன் நல்ல புள்ளி வாங்கியவள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வேலையை என்னிடம் தந்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும். எனக்கு நான்கு பக்கமும் சறுக்கியது.

கதை இதுதான். ஒவ்வொரு பழைய மாணவியும் பத்தரை அங்குலச் சதுரத்தில் ஒரு துணித் துண்டு அனுப்ப வேண்டும் என்று சங்கம் கேட்டது. ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சிட்னி, வவுனியா, முல்லைத்தீவு என்று 48 துண்டுகள் வந்து சேர்ந்தன. பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் வெட்டிய துண்டு, பழைய கழுத்துப்பட்டியைப் பிரித்துத் தைத்த துண்டு, மெனிக் பாமில் ஏணை கட்டிய வொயில் சேலையின் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதமும் வந்தது. அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு என்று பொருத்தினேன். தையலுக்கு நான்கு பக்கமும் கால் அங்குலம் போக ஒவ்வொரு சதுரமும் பத்து அங்குலம். ஆக, போர்வை 60 அங்குலத்துக்கு 80 அங்குலம். எங்கள் வெக்கைக்குப் பஞ்சு வேண்டாமென்று நடுவில் ஒரு பழைய நூல்சேலையை விரித்து, அடியில் வெள்ளைத் துணி வைத்து மூன்றையும் சேர்த்து நூலோடினேன். அதுவரை ஒரு குறையும் இல்லை. கரை கட்டுவதுதான் மிச்சம். சட்டைக் கழுத்துக்குப் பைப்பிங் பிடிப்பதுபோல, இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து, முன்பக்கம் மெசினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கைத்தையலால் பிடிக்க வேண்டும். ஒரு பின்னேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் எடுத்தது.

முதற் பிழை கணக்கில். சுற்றளவு 280 அங்குலம். எங்கள் கழுத்துப்பட்டியின் அரக்கு நிறத்தில் வாங்கிய துணியில், ஓரக்கரை போக, அகலம் 42 அங்குலம். 280ஐ 42ஆல் பிரித்தால் ஆறே முக்கால்வரை. ஏழு கீலம் போதும் என்று வெட்டினேன். கீலங்களை நேராக வைத்து மூட்டினால் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து அந்த இடம் கட்டியாகிவிடும். அதனால் மூலைவாட்டில் மூட்ட வேண்டும். அது சரியாக நினைவிருந்தது. ஆனால் மூலைவாட்டில் மூட்டும்போது ஒவ்வொரு மூட்டும் பட்டியின் அகலமளவு, அதாவது இரண்டரை அங்குலம், தின்றுவிடும் என்பது நினைவில்லை. ஏழு கீலம் 294 அங்குலம். ஆறு மூட்டுக்கு 15 அங்குலம் போனால் 279. சுற்றளவுக்கே ஒரு அங்குலம் குறைவு. நான்கு மூலை மடிப்புக்கும் கடைசி மூட்டுக்கும் ஒன்றுமே இல்லை.

இது தைக்கத் தொடங்கும்போது தெரியாது, அதுதான் எரிச்சல். மூன்று பக்கம் அழகாக ஓடி, நாலாம் பக்கத்தின் முடிவில் ஒரு சாண் வெறுமையாக நிற்கும்போதுதான் தெரியும். அதே துணியில் இன்னும் அரை யார் வாங்கக் கடைக்குப் போனேன். அந்தக் கட்டு முடிந்துவிட்டது. புதிய கட்டின் அரக்கு ஒரு சாயல் கூடுதலாக இருந்தது. வெவ்வேறு கட்டுத் துணியைச் சேர்த்தால் தூரத்திலிருந்தே தெரியும். முழுவதையும் பிரித்தேன்.

ஆகவே இனித் தைக்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவோடு 12 அங்குலம் கூட்டுங்கள். துணியின் அகலத்தில் பட்டியின் அகலத்தைக் கழியுங்கள். பிறகு பிரியுங்கள். எனக்கு 292ஐ முப்பத்தொன்பதரையால் பிரித்திருக்க வேண்டும். ஏழுக்கு மேல் வருகிறது, ஆகவே எட்டுக் கீலம். எட்டுக் கீலத்துக்கு 20 அங்குலத் துணி. கடையில் இருபத்தைந்து அங்குலமாகவே வாங்குங்கள். மிஞ்சும் துணியால் ஒரு கேடும் இல்லை.

இரண்டாம் பிழை, எனக்குத் தெரிந்த பாடத்தாலேயே வந்தது. எங்கள் தையல் ரீச்சர் சட்டைக் கழுத்துக்கும் கைவட்டத்துக்கும் துணியை மூலைவாட்டில்தான் வெட்டிப் பட்டி எடுக்கச் சொல்வா. பாவிழையும் ஊடையிழையும் சாய்ந்து நிற்பதால் அந்தப் பட்டி இழுபடும், வளைவுக்கு வளைந்து கொடுக்கும். புதுத் துணி வாங்கிய உற்சாகத்தில் நானும் முழுவதையும் மூலைவாட்டில் வெட்டினேன். போர்வையின் ஓரமோ நேர்கோடு. வளைய அங்கே ஒன்றும் இல்லை. மெசினின் காலடியில் பட்டி இழுபட, என் கையும் சற்று இழுக்க, ஓரம் பாயின் கரைபோல் நேராக நிற்காமல் அலை அலையாக எழும்பியது. நேர் ஓரத்துக்குக் குறுக்கிழையில் நேராக வெட்டிய கீலமே போதும், துணியும் மிச்சம். மூலைவாட்டுப் பட்டியை வளைந்த ஓரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியானாலும் இழுத்துப் பிடிக்காமல், போர்வையின் மேல் தளர்வாக வைத்து ஊசி குத்திவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

இரண்டாம் தரமும் பிரித்தேன். இந்த இடத்தில்தான் நான் பயந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

கீழ்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது சதுரத்தைப் பாருங்கள். அது பட்டு. கூறைச்சேலைத் துண்டு. 2009இன் முதல் மாதங்களில் எங்கள் பெண்கள் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்ததை இங்கே இருக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பதுங்குகுழிக்கு மேல் அடுக்க வேறு சாக்கு இருக்கவில்லை. நூல்சேலை முடிந்த பிறகு பட்டுச்சேலை, கடைசியில் கூறைச்சேலை. ஒற்றைத் தையல் போட்டால் மண் கசியும் என்று ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டோம். கடற்கரை மணலில் இருந்துகொண்டு, வகுப்பில் கற்ற அதே மடிப்பைத்தான் தைத்தோம். அந்தச் சேலைகள் அங்கேயே கிடந்து மக்கின. எங்களுக்கு மேல் வகுப்பில் படித்த அக்கா ஒருவரிடம் கூறைச்சேலையின் ஒரு பக்கம் மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. அதிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, அதில் தன் மகளின் பெயரைச் சங்கிலித் தையலில் எழுதி அனுப்பியிருந்தார். மகளும் எங்கள் பாடசாலைப் பிள்ளை. அவள் அந்தக் கடற்கரையிலிருந்து திரும்பி வரவில்லை.

பெயர் துணியின் ஓரத்திலிருந்து அரை அங்குலத்தில் இருந்தது. பட்டி கால் அங்குலத்தை மூடும். ஆகவே பெயருக்கும் பட்டிக்கும் நடுவே கால் அங்குலம் மட்டும். பட்டு நூல்சேலைபோல் அல்ல, பிரிக்கப் பிரிக்க இழை கழரும். இரண்டு தரம் பிரித்ததில் அந்தச் சதுரத்தின் கீழோரம் பிசிறி, அரைக்கால் அங்குலம் போய்விட்டது. இனிப் பட்டி பிடிக்கத் தையலை உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால் பெயரின் அடியெழுத்துகள் பட்டிக்குள் போய்விடும்.

அப்போது யோசித்துப் பார்த்தேன். என் முதற் பிழை கணக்கில் அல்ல, அதற்கும் முன்னே இருந்தது. இழை கழரும் பட்டுத் துண்டை, அதுவும் இப்படியான ஒரு துண்டை, கரையோரம் வைத்திருக்கவே கூடாது. நான்கு பக்கமும் நூல்துணி சூழ நடுவில் வைத்திருக்க வேண்டும். சதுரங்களை நிலத்தில் பரப்பி நிறம் பார்த்த நான் துணியைப் பார்க்கவில்லை. இப்போது மாற்றுவதென்றால் போர்வை முழுவதையும் குலைக்க வேண்டும்.

ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு வெள்ளை வொயிலில் ஒரு விரலகலக் கீலம் வெட்டி, பட்டின் அடியில் வைத்து, கழன்ற ஓரத்துக்கு வெளியே பழைய எல்லைவரை நீட்டி, மிக நெருக்கமான கைத்தையலால் பிடித்தேன். மெசின் ஊசி இனிப் பட்டோடு அந்த வொயிலையும் பிடித்துக்கொள்ளும். தையல் பழைய இடத்திலேயே நின்றது. பெயர் வெளியே நிற்கிறது.

மூன்றாம் தரம் தைக்கமுன் எனக்கு ஒரு புத்தி வந்தது. அரக்குத் துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தேன். வெள்ளை சிவந்தது! வெள்ளைச் சீருடைத் துண்டுகளைச் சுற்றி இந்தப் பட்டியைக் கட்டி ஒரு நாள் தோய்த்திருந்தால் என்னவாகியிருக்கும்? உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். கடையில் வாங்கிய துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுவதுதான் வழி. ஏழு தரம் அலசினேன். நனைத்து உலர்த்தியதில் துணி சுருங்கியும் போனது. அந்தச் சுருக்கம் தைத்த பிறகு வந்திருந்தால் ஓரம் முழுவதும் நெளிந்திருக்கும். வெட்டுவதற்கு முன்னே தோய்த்துவிடுங்கள்.

மூலைகளைப் பற்றிச் சுருக்கமாக. மூலைவரை தைத்துக்கொண்டு போகக்கூடாது. கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை நேர் மேலே மடித்து, பிறகு கீழே மடித்து, மேல் மடிப்பு போர்வையின் ஓரத்தோடு ஒட்டி நிற்க, அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். கால் அங்குலத்தைத் தாண்டித் தைத்தால் மூலை கூராக வராது. தொடக்கத்தையும் மூலையில் வைக்காதீர்கள். ஒரு பக்கத்தின் நடுவில், ஒரு சாண் பட்டியைத் தைக்காமல் விட்டுத் தொடங்குங்கள். கடைசியில் இரு முனையும் ஒன்றின் மேல் ஒன்று இரண்டரை அங்குலம் ஏறி நிற்கும்படி வெட்டி, மூலைவாட்டில் மூட்டினால் எங்கே தொடங்கினோம் என்று கண்டுபிடிக்க முடியாது. மூட்டுமுன் பட்டி முறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுவும் ஒரு தரம் முறுகியது.

உலகத்தில் எல்லோரும் எங்களைப்போல் கரையைக் கடைசிக்கு வைப்பதில்லை. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். அந்தப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அவர்கள் ஓரத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். தனியாகக் கரைப்பட்டி தேவையில்லை. நான்கு மூலையிலும் பூ என்று பொருள்படும் ஒரு மடித்த துணியை வைப்பார்கள். அது இல்லாத போர்வை அவர்களுக்கு உடுப்பில்லாத போர்வை. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006இல் அவை அந்நாட்டின் முத்திரைகளிலும் வந்தன. அவர்களும் எங்களைப்போல மிஞ்சியதை வைத்துத் தைத்தவர்கள்தான்.

இப்போது எங்கள் பிரதேசத்தில் தைக்கத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளின் கைவேகம் எனக்கு வராது. ஆனால் அங்கே ஒருவர் ஒரு தையல்தான் நாளெல்லாம் போடுவார். அளப்பதும் வெட்டுவதும் வேறொருவர். ஒரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே தைத்து, தன் பிழையைத் தானே கண்டு, தானே பிரிக்கும் வாய்ப்பு மனையியல் அறையில்தான் கிடைக்கும். அந்த அறைக்கு நல்ல கத்தரிக்கோல்களும் இரண்டு மெசினும் வேண்டும் என்பதை வெளிநாட்டுக் கிளைகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். இரண்டாவது போர்வைக்கும் துண்டுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. துணியைத் தோய்த்து அனுப்புங்கள். பெயர் எழுதினால் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே எழுதுங்கள். பட்டானால் அது பட்டு என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். இந்தத் தரம் அதை நடுவில் வைப்பேன்.

முடிக்கிறேன். போன கிழமை அந்த அக்கா போர்வையைப் பார்க்க வந்தார். பெயரை விரலால் ஒருதரம் தடவினார். ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்கள் தையல் ரீச்சரிடம் படித்த எல்லோரும் செய்வதைச் செய்தார். போர்வையைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார். நான்கு ஓரமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வலப்பக்க மேல் மூலை கொஞ்சம் மொட்டையாய்ப் போச்சு, தங்கச்சி" என்றார். உண்மைதான். அன்றிரவு மின்சாரம் நின்று, ரோச் வெளிச்சத்தில் தைத்த மூலை அது. "பிரிச்சுத் தைக்கட்டோ, அக்கா?" என்று கேட்டேன். "வேண்டாம், பட்டுக்குத் தூரத்திலதானே இருக்கு, அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

அது அப்படியே இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.