குடியுரிமையும் கொழுந்தும்

(ஏற்காட்டில் நடைபெற்ற நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'நாடாளுமன்றமும் சமநீதியும்' என்னும் தலைப்பை விழாக்குழுவினர் எனக்கு அளித்திருக்கின்றனர். கவியரங்கம் கேட்க வந்தவர்கள் முன்னே சட்டப்பிரிவுகளை விரிப்பது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நான் எடுத்துக்கொண்ட நாடாளுமன்றத்தில் ஒரு கவிஞரும் உறுப்பினராக வீற்றிருந்தார் என்பதை முதலில் சொல்லி வைக்கிறேன். அவரிடம் பிறகு வருவோம். முதலில் அமைச்சரைப் பார்ப்போம். அவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1913இல் சிவகங்கைச் சீமையின் முனப்புதூரில் பிறந்து, 1999 அக்டோபர் 30 அன்று இலங்கையில் அமைச்சராக இருந்தபடியே மறைந்தவர்.

இலங்கை அமைச்சருக்கும் சேர்வராயன் மலைக்கும் என்ன உறவு? காப்பிதான் உறவு. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் கண்டிச் சீமையிலும் வெள்ளையர் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினர். அத்தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களின் பட்டியலில் திருச்சி, மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு சேலத்தின் பெயரும் உண்டு. காப்பியின் இயல்பு நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களில் கை நிறைய ஆள் வேண்டும்; பிறகு வேண்டா. ஆகவே அக்காலத்தில் போனவர்கள் மன்னார்க் காட்டு வழியே நடந்து போனார்கள். பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கண்டிக் காப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுதும் கிள்ள வேண்டும். அதற்கு ஆண், பெண், பிள்ளை எனக் குடும்பமே அங்கே தங்க வேண்டும். லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் அவர்கள் தங்கினார்கள். ஒரு பூஞ்சை நோய்தான் கூலியாளைக் குடியாக்கிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வாறு தங்கியவர் எத்தனை தலைமுறையில் அந்த மண்ணுக்கு உரியவர் ஆவார்? இக்கேள்விக்கு நம் மலையில் ஒரு விடை இருக்கிறது. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் என்றும், மூத்தவர் வழியினரே சேர்வராயனில் தங்கினர் என்றும் அவர்கள் சொல்வார்கள். காட்டைத் திருத்தி, கோயில் எடுத்து, இறந்தாரை இம்மண்ணில் அடக்கம் செய்தவர்கள் இம்மண்ணுக்கு உரியவர் ஆனார்கள். 1948இல் இலங்கை நாடாளுமன்றம் வேறொரு விடை சொன்னது.

அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்தவரானாலும் அது மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. பாட்டன் லயத்து அறையில் பிறந்ததை யார் பதிந்து வைத்தார்? பிறப்பை எழுதி வைக்கும் பழக்கம் சிங்களச் சிற்றூரிலும் அக்காலத்தில் அரிதுதான். ஆனால் அங்கு யாரும் சான்று கேட்கவில்லை. ஆகவே சட்டத்தின் சொற்கள் எல்லார்க்கும் பொது. அதன் சுமை ஒரு சாராருக்கு மட்டும். இதனைக் கவிஞர்கள் நன்கு உணர்வீர்கள் என நினைக்கிறேன். இனத்தின் பெயரை எங்கும் குறிக்காமலே ஒரு வாக்கியத்தால் ஓர் இனத்தை வெளியே நிறுத்த முடியும்.

இச்சட்டம் வந்தபோது தொண்டமான் நாடாளுமன்ற உறுப்பினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் நுவரெலியாத் தொகுதியில் வென்று வந்தவர். எதிர்த்தார், பயனில்லை. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததைக் காட்டினால் பதிவு செய்து கொள்ளலாம் என்றது அது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பல்லாண்டு விசாரணைக்குப் பிறகும் ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூட அது கிடைக்கவில்லை. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்திக் குடியுரிமை இல்லாதவரின் வாக்குரிமையைப் பறித்தனர். இவற்றை எதிர்த்தே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வழக்கும் தொடுக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் இச்சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 1952 தேர்தலின்போது அறப்போராட்டம் நடந்தது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென ஓர் இருக்கையும் மிஞ்சவில்லை.

இங்கேதான் அந்தக் கவிஞரைச் சொல்ல வேண்டும். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடகும்புர தோட்டத்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் அவர் பாடிய தேயிலைத் தோட்டக் கவிதைகளைச் சக்தீ பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். நாவல்கள் எழுதினார். தோட்டத்து மக்கள் பாடிவந்த பாட்டுகளைத் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். அவருடைய இன்னொரு நூலின் பெயர் 'நாடற்றவர் கதை'. 'நாடற்றவர்' என்பது சட்டத்துறையின் சொல். ஓர் எழுத்தாளரின் நூலுக்குத் தலைப்பாயிற்று. புதுமைப்பித்தனும் 'துன்பக் கேணி'யில் அத்தோட்ட வாழ்வை எழுதினார். அது இக்கரையிலிருந்து எழுதியது. வேலுப்பிள்ளை உள்ளிருந்து எழுதினார். நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் காப்பிப்பழம் பறிக்கும் முதிய பெண்களிடம் இன்னும் பாட்டு இருக்கலாம். பத்தாண்டில் நாம் எத்தனையோ கவியரங்கம் நடத்தினோம். அவர்கள் பாட்டை எழுதி எடுக்க ஒருநாள்கூடப் போகவில்லை.

மீண்டும் அமைச்சரிடம் வருகிறேன். 1964 அக்டோபர் 30 அன்று சிறீமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். அதே தேதியில்தான் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தொண்டமான் மறைந்தார். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது ஏற்பாடு. 1974இல் அந்த எச்சத்தையும் பாதி பாதியாக, எழுபத்தையாயிரம் வீதம் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை என்பதே தொண்டமானின் முறையீடு. நம் நாட்டுத் தலைவர்களும் இதில் ஒரு தரப்பு என்பதைச் சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளாகிய நாம் மறைக்க வேண்டுவதில்லை. வந்தவர்களில் பலரை நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினார்கள். அங்கே 'இந்தியர்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் இகழப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

1977இல் தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்றார். 1978இல் ஜெயவர்தனா அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். அத்துறையில் அவர் செய்ததைவிட, அவ்விருக்கையிலிருந்து குடியுரிமையை மீட்டதே நம் பேச்சுக்கு உரியது. இலங்கையின் அந்நியச் செலாவணிக்குத் தேயிலை முதுகெலும்பு. அம்முதுகெலும்பு தொழிலாளரின் விரல் நுனியில் இருந்தது. வாக்கில்லாத மக்களுக்குக் கொழுந்தே வாக்கு என்பதை அவர் அறிந்திருந்தார். 1984 வேலைநிறுத்தத்தின் பின் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றாயிற்று. இந்தியாவில் 1976இலேயே சமஊதியச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் அச்சட்டத்தின் எழுத்துக்கும் நம் களத்துமேட்டுக் கூலிக்கும் உள்ள தொலைவை இங்குள்ள பெண்கள் அறிவார்கள்.

1986 தைப்பொங்கல் அன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. காலைப் பொழுதில் கொழுந்து கிள்ளப் போகாமல் வழிபாட்டில் அமர்வது, அவ்வளவே. அதனைக் கலகம் என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் கொழுந்து முற்றிவிடும். அரசு சில நாளிலேயே இணங்கிற்று. இந்தியாவின் பங்கான ஆறு இலட்சத்தில் 5,06,000 பேரே இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தனர். எஞ்சிய 94,000 பேருக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்க 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

1988இல் வந்த 39ஆம் இலக்கச் சட்டமே என் கருத்தில் பெரிது. சட்டப்படி இலங்கையில் வாழ்ந்து, இந்தியக் குடியுரிமை கோராதவர் அனைவரும் குடிமக்கள் என்றது அது. அதற்குச் சான்றாக அவர் தாமே ஆணையிட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரம் போதும். நாற்பதாண்டுகளுக்கு முன் பாட்டனின் பிறப்புப் பதிவைக் கேட்ட அதே நாடு, இப்போது கொழுந்து கிள்ளும் ஒருத்தியின் சொல்லை நம்பியது. நாடாளுமன்ற வரலாற்றில் இப்படியொரு திருப்பம் எளிதில் காணக்கிடைப்பதன்று. வேலுப்பிள்ளை 1984இலேயே மறைந்துவிட்டார்; இதைக் காணவில்லை.

தொண்டமானைத் தெய்வமாக்க நான் இங்கு வரவில்லை. தொழிலாளர் தலைவரான அவர், தந்தை வழியில் இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்துக்கு உடைமையாளர். 1983 ஜூலையில் தமிழர் எரிக்கப்பட்ட பின்னும் அவ்வமைச்சரவையிலேயே நீடித்தார். ஆறாம் திருத்தத்தை ஏற்காத கூட்டணியினரோ தம் இருக்கைகளையே இழந்தனர். அவர் வெளியேறியிருந்தால் 1986உம் 1988உம் வந்திருக்குமா? வந்திரா என்றே எண்ணுகிறேன். ஆனால் வாக்கு வந்த பின்னும் வீடும் நிலமும் வரவில்லை. தோட்டத்து லயங்கள் இன்னும் இருக்கின்றன. அம்மக்கள் வந்து இருநூறாண்டு ஆனதை நினைந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளிலும் காணி இருந்தது.

இன்னும் ஒரு செய்தி. அக்காலத்தில் கூலியாட்களைக் கப்பலேற்றுமுன் தடுத்து வைத்து நோய் சோதித்த இடம் மண்டபம். பிறகு தாயகம் திரும்பியோர்க்கும், 1983க்குப் பின் ஏதிலிகளுக்கும் அதுவே முகாமாயிற்று. அவ்வாறு வந்தவர்களில் மலையகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு; அவர்களுடைய பாட்டன்மார் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைக் குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் வாழும் மலையகத் தமிழர் சிலரின் வழக்கை விசாரித்து, அவர்கள் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், ஆட்சியர் அவ்விண்ணப்பங்களைத் தாமதமின்றி நடுவணரசுக்கு அனுப்ப வேண்டும் என்றும் ஆணையிட்டது. அவ்விண்ணப்பப் படிவத்திலும் பெற்றோர் பிறந்த இடத்தைக் கேட்கும் வரி ஒன்று இருக்கிறது.