பூட்டிய வீடு பொருள் தரும் வீடானது
(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்களில் நகர மக்கள் விடுமுறையைக் கழிக்கும் குடில்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். இது வெறும் இன்பச் சுற்றுலாவைப் பற்றிய செய்தியன்று. உழவர் குடும்பம் தன் ஊரிலேயே நிலைத்து வாழ ஒரு வழி கண்ட செய்தியாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டு வயல்களில் டிராக்டர்கள் பெருகின. ஆள் தேவை குறைந்தது. இளைஞர்கள் நகரத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். மலைநாட்டுச் சிற்றூர்களில் வீடுகள் பூட்டப்பட்டுக் கூரை சரிந்து கிடந்தன. நகரங்களிலோ நிலைமை வேறு. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை கிடைத்தது. 1956-இல் அது மூன்று வாரமாயிற்று. ஓய்வு கிடைத்தது, ஆயினும் ஓட்டலில் தங்கப் பலருக்கு வசதியில்லை.

இவ்விரு குறைகளையும் ஒருசேரத் தீர்க்க முனைந்தவர் மேலவை உறுப்பினர் எமில் ஒபேர். அவருடைய முயற்சியால் 1951-ஆம் ஆண்டில், அக்காலத்தில் பாஸ் ஆல்ப் எனப்பட்ட மலை மாவட்டத்தில் முதற்குடில் திறக்கப்பட்டது. தங்குமிடம் என்னும் பொருளில் அதனை 'ஜீத்' என்பர். 1955-இல் இவற்றிற்கென நாடளாவிய கூட்டமைப்பு தோன்றியது. பழைய வீட்டைச் செப்பனிட வேளாண்மை அமைச்சகமும் பொருளுதவி செய்தது.

நடைமுறை எளியது. வீடு உழவருடையது, அவர் அருகிலேயே வாழ்கிறார். விருந்தினர் பெரும்பாலும் சனிக்கிழமை வந்து அடுத்த சனிக்கிழமை செல்வர். அடுப்பும் பாத்திரங்களும் வீட்டிலேயே உண்டு. சமையல் அவர்களே செய்துகொள்வர். வசதிக்கேற்பக் கூட்டமைப்பு ஒன்று முதல் ஐந்து வரை கோதுமைக் கதிர்களை அடையாளமாக அளிக்கிறது. கதிரின் எண்ணிக்கையைக் கண்டே வருவோர் வீட்டின் தரத்தை அறிவர்.

வாடகை மட்டுமே வருவாய் அன்று. பால், முட்டை, பாலாடைக்கட்டி, காய்கறி ஆகியவை பண்ணையிலேயே விலையாகின்றன. ரொட்டிக் கடைக்கும் கொத்தருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் இஃது உழைப்பில்லா வருவாய் என எண்ணற்க! விருந்தினர் மிகுதியாக வரும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களே அங்கு அறுவடைக் காலமும் ஆகும். ஆதலின் இது வேளாண்மைக்குத் துணைத் தொழிலே தவிர, அதற்கு மாற்றாகாது.

ஊராட்சியின் பங்கும் ஈண்டுக் கருதத்தக்கது. பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட பள்ளிக் கட்டடத்தையும், பாதிரியார் வாழ்ந்த பழைய இல்லத்தையும் சில ஊராட்சிகள் தாமே குடில்களாக்கி வாடகை பெறுகின்றன. தங்குவோரிடம் இரவுக்கு இவ்வளவு என வரி விதிக்கவும் ஊராட்சிகளுக்கு உரிமை உண்டு. 1910-ஆம் ஆண்டில் தோன்றிய வரி அது.

தீங்கும் இல்லாமலில்லை. வெளியூர்ச் செல்வர்கள் வீடுகளை விலைக்கு வாங்கிக் கோடையில் மட்டும் திறந்தால், விலை ஏறுகிறது. உள்ளூர் இளந்தம்பதியர்க்குக் குடியிருக்க வீடு கிடைப்பதில்லை. மாரிக்காலத்தில் தெரு இருளடைகிறது. இதனைத் தடுக்க 2024-ஆம் ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், சுற்றுலா வாடகை வீடுகளுக்கு வரம்பு கட்டவும், சில பகுதிகளில் புதிய வீடுகளை நிலையாகக் குடியிருப்போர்க்கே ஒதுக்கவும் ஊராட்சிகளுக்கு அதிகாரம் அளித்துள்ளது.

அன்பர்களே! குடில் ஒன்றே, அதன் உடைமை உள்ளூராரிடம் இருந்தபோது ஊர் தழைத்தது, கைமாறியபோது ஊர் வெறுமையுற்றது. வருவாய் தரும் எத்திட்டம் ஊருக்கு வரினும், உடைமை யாரிடம் நிற்கும் என்பதை முதலில் வினவுங்கள். அவ்வினாவே ஊரைக் காக்கும் வேலியாகும்.