ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றரசர்களும் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும்



சிற்றரசர்களைப் பற்றிய கருத்தரங்கைத் தஞ்சையில் வைக்காமல் இந்த ஜவ்வாது மலையில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இறங்கினால் ஒரு பக்கம் செங்கம். கிழக்கே போளூரும் திருமலையும் படைவீடும். பேரரசின் நடுவிலிருந்து பார்த்தால் இவை எல்லைப்புற ஊர்கள். சோழப் பேரரசு ஆட்டம் கண்ட காலத்தில் ஒரு சிற்றரசன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கோ, தலைநகரக் கல்வெட்டுகளைவிட இவ்வூர்க் கற்களே நெருக்கமான சாட்சிகள்.

மூன்றாம் குலோத்துங்கன் 1178இல் அரியணை ஏறினான். அதற்குள் பாண்டிய நாட்டு வாரிசுரிமைப் போர் சோழரையும் ஈழத்தாரையும் உள்ளே இழுத்துவிட்டிருந்தது. அந்தப் போரின் அச்சம் தொண்டை மண்டலம் வரை எட்டியதை ஆர்ப்பாக்கம் கல்வெட்டு காட்டுகிறது. சிற்றரசன் எதிரிலிசோழச் சம்புவராயன் ஈழப்படை என்ன செய்யுமோ என்று கலங்கி, ஞானசிவர் என்ற சிவாசாரியாரை நாடுகிறான். அவர் 28 நாள் பூசை செய்கிறார். எதிரிப்படை ஓடியது என்ற செய்தி வந்ததும், ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடுக்கிறான். மெய்க்கீர்த்திகளில் அஞ்சாத வீரனாகவே வரும் ஒரு குலத்தவன் இங்கே தூக்கமில்லாத மனிதனாக நம் முன் நிற்கிறான். அவனை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி செங்கத்துக்கு வருகிறேன். குலோத்துங்கன் காலத்துச் செங்கம் கல்வெட்டுகளில் தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள், கரிகாலசோழ ஆடையூர் நாடாழ்வான், செங்கேணிச் சம்புவராயன் ஆகியோர் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பொறிக்கப்பட்டுள்ளன. யார் யாருக்குத் துணை, யார் யாருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று பேசி முடித்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சோழச் சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டைத் தலையில் போட்டுக்கொண்டே, அவனை நம்பாமல் செய்த ஏற்பாடு இது. மத்திய அரசு தளர்ந்ததன் அடையாளம் என்று நம் நூல்கள் இதை ஒரு வரியில் தள்ளிவிடுகின்றன. அந்த முடிவு எனக்கு ஒப்புதலில்லை. பக்கத்து நாட்டானோடு சண்டை மூளாமல் பார்த்துக்கொள்வது அன்றைய சிற்றரசனின் முதல் வேலை. அதை அவன் பொறுப்பாகச் செய்திருக்கிறான்.

இந்த உடன்படிக்கைகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்திலும் இதே நிலைதான். ஸ்டீபன் மன்னனுக்கும் மெட்டில்டாவுக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரில், 1141இல் லிங்கன் நகரில் மன்னனையே சிறைப்பிடித்த படையில் செஸ்டர் பிரபு ரனுல்ஃப் இருந்தார். பின்னர் ஸ்டீபனோடு சமாதானமானார். 1146இல் அதே ஸ்டீபனிடம் கைதாகிக் கோட்டைகளை இழந்தார். இத்தனையும் பட்ட அவர், லெஸ்டர் பிரபு ராபர்ட்டுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தலைவன் ஆணையால் ஒருவர் மற்றவர்மேல் படையெடுக்க நேர்ந்தால் 20 வீரர்களுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. கைப்பற்றிய பொருளைத் திருப்பித் தர வேண்டும். போருக்கு 15 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். மன்னனுக்குக் கடமையையும் விடவில்லை, ஊரையும் எரிய விடவில்லை. ரனுல்ஃபைத் துரோகி என்றோ விசுவாசி என்றோ ஒரு சொல்லில் அடைக்க முடியாது. ஆடையூர் நாடாழ்வானையும் அப்படித்தான்.

இத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் நடந்ததைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு சொல்கிறது. 1231இல் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். அவனை மீட்க வந்த போசளத் தண்டநாயகர்கள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் வழியில் அழித்த ஊர்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பயிரை எரித்ததும், பெண்களைப் பிடித்ததும், கொள்ளையிட்டதும் அதில் வெற்றிச் செய்தியாகவே வருகின்றன. அந்த ஊர்களின் குடிகளுக்காக யாரும் கல் வெட்டவில்லை. காஞ்சிப் பக்கத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாகச் சொல்லும் இம்மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுடைய வாய்மொழிக் கதைகளை இந்த இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஆண்டைக் கணக்கிடுவதற்காக அல்ல. ஓட வேண்டிவந்தவர்கள் எதை நினைவில் வைத்தார்கள் என்று அறிவதற்காக.

சிற்றரசனுக்குப் போரைத் தவிர வேறு வாழ்க்கையும் இருந்தது. செங்கத்தில் உடன்படிக்கை செய்த அதே விடுகாதழகிய பெருமாள் போளூர்ப் பக்கத்துத் திருமலையில், தன் முன்னோன் எழினி அமைத்த யட்சன், யட்சி உருவங்களைச் சீர்செய்து மீண்டும் நிறுவினான். எறிமணி கொடுத்தான், ஏரிக்குக் கால்வாய் கண்டான். சமண மலையில் வடமொழியிலும் தமிழிலும் அதை எழுதி வைத்தான். செங்கத்தின் அரசியலையும் திருமலையின் அறத்தையும் இரு வேறு துறைகளாக நாம் படித்து வந்திருக்கிறோம். இரண்டும் ஒரே கையின் செயல்கள்; சேர்த்துப் படித்தால்தான் ஆள் தெரிவான்.

செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறைக்காகத் தொல்லியலாளர் இரா. நாகசாமி 1972இல் நூலாகக் கொண்டுவந்தார். உடன்படிக்கைக் கல்வெட்டுகளுக்கு அப்படி ஒரு தனி நூல் வேண்டும்: புதிய மைப்படிகள், ஒவ்வொரு பெயருக்கும் ஊருக்கும் குறிப்பு, நாடுகளின் எல்லை காட்டும் வரைபடம். இன்று மாலை அமர்வில் இதற்கான குழுவை அமைக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். செங்கம், போளூர் வட்டங்களின் பள்ளி ஆசிரியர்களும் அதில் இடம்பெற வேண்டும். எந்தக் கல் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று அறிந்தவர்கள் அவர்கள்தான்.