நாவில் உள்ள கொள்கையும் கையில் உள்ள பழக்கமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒரு மனிதரின் கொள்கை என்னவென்று அவரிடமே கேட்டால், வாய்மை, எளிமை, ஈகை என்று அழகாகச் சொல்லிவிடுவார். அது பொய்யென்று நான் கூறவில்லை. ஆயினும், அவர் சுபுஹுக்கு எழுந்தது முதல் இஷாவுக்குப் பின் படுக்கைக்குச் செல்லும் வரை அவருடைய கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால்தான் அந்தக் கொள்கை நாவோடு நின்றுவிட்டதா, கைக்கும் இறங்கியதா என்பது விளங்கும். நாம் உயர்வாக மதிக்கும் ஒன்றை அன்றாடப் பழக்கமாக ஆக்கிக்கொள்வது எப்படி என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன். பல பழக்கங்களைப் பற்றிப் பேசி எதையும் பிடிக்காமல் போவதைவிட, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது தண்ணீர்.

இண்டூரில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மேற்கே பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லில் காவிரி பாய்கிறது. ஆனால் நெடுங்காலம் அந்த நீர் நம் மாவட்டத்தின் குடங்களுக்கு வரவில்லை. மக்கள் நிலத்தடி நீரையே நம்பியிருந்தார்கள். இங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு என்னும் தாதுப்பொருள் கலந்திருக்கிறது. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீரில் அது கரைந்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிகுந்த நீரைக் குடித்து வளரும் குழந்தையின் பற்கள் பழுப்பேறிப் போகின்றன. பல ஆண்டுகள் குடித்தவரின் எலும்புகளும் மூட்டுகளும் விறைத்துப் போகின்றன. பல்லில் ஒரு முறை படிந்த கறை பிறகு தானாக மறைவதில்லை.

இந்தத் துன்பத்தைத் தணிப்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்காக, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த அத்திட்டம் 2013ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றிலிருந்து நீரை எடுத்து, சுத்திகரித்து, மேட்டு நிலத்துக்கு ஏற்றி, குழாய் வழியே ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அப்படி வந்த நீரை நாம் எப்படிச் செலவழிக்கிறோம்?

சகோதரர்களே, முதற்குற்றவாளி நானேதான். "உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள்" என்ற கருத்துடைய இறைவசனத்தை எத்தனையோ மேடைகளில் நான் எடுத்துரைத்திருக்கிறேன். ஒரு நாள் வீட்டில் குழாயைத் திறந்துவைத்து ஒளூ செய்தபோது, கீழே ஒரு வாளியை வைத்துப் பார்த்தேன். முடித்து எழுந்தபோது வாளி ஏறக்குறைய நிறைந்திருந்தது. மிஸ்வாக்குச் செய்யும்போதும், சட்டைக் கையை மடிக்கும்போதும், தொப்பியைக் கழற்றி வைக்கும்போதும் குழாய் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வணக்கத்துக்கு ஆயத்தமாகும் செயலிலேயே இறைவன் விரும்பாத விரயத்தைச் செய்திருக்கிறேன் என்று உணர்ந்தபோது வெட்கமடைந்தேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூ செய்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே முத்து என்பது. இன்றைய கணக்கில் அது ஒரு லிட்டருக்கும் குறைவு. நம்மில் பலருக்கு இன்றே அந்த அளவுக்கு வர இயலாமற்போகலாம். ஆனால் ஒரு வாளியிலிருந்து ஒரு சிறு செம்புக்கு வர இயலும்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் ஒவ்வொரு ஒளூவிலும் 5 லிட்டர் மிச்சப்படுத்தினால் ஐந்து வேளைக்கு 25 லிட்டர். நாற்பது பேர் அவ்வாறு செய்தால் ஒரு நாளைக்கு 1,000 லிட்டர். இதற்குப் புதிய தொட்டி வேண்டாம். நன்கொடைப் புத்தகம் வேண்டாம். குழாயைத் திருகி மூடும் ஒரு கை போதும்.

பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு என் அனுபவத்தில் கண்ட மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பழக்கம் சிறியதாக இருக்கட்டும். அளவில் குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்பது நபிமொழியின் கருத்து. ரமலானில் மலையளவு தொடங்கி ஷவ்வாலில் கைவிடுவது நமக்குப் புதிதன்று.

இரண்டாவது, முன்பே இருக்கும் ஒரு செயலோடு அதைச் சேர்த்துவிடுங்கள். ஒளூ நாள்தோறும் தவறாமல் வருகிறது. முகம் கழுவ நீரை அள்ளியதும் மறு கை குழாயை மூடட்டும். தனியாக நினைவூட்டல் தேவைப்படாது.

மூன்றாவது, பிறர் பார்க்காத இடத்தில் தொடங்குங்கள். பள்ளிவாசலில் பத்துப் பேர் முன்னிலையில் சிக்கனமாக இருப்பது எளிது. வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திய பின் எப்படி இருக்கிறோம் என்பதே நம் கொள்கையின் உண்மையான எடை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கூட்டுக் குடிநீரைத் தனியாகப் பிடித்து மூடிவையுங்கள். ஆழ்குழாய் நீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் நீர் ஆவியாகிக் குறையக் குறைய, ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். நிலையான பற்கள் உருவாகும் பருவம் அது.

நல்ல நீரை நாம் வீணாக்கினால், குழாயின் கடைசியில் இருக்கும் வீட்டார் மீண்டும் ஆழ்குழாய் நீரையே குடிக்க நேரிடும். அவ்வீட்டார் எம்மதத்தினராக இருந்தாலும் நம் அண்டைவீட்டார். அவர்கள் பிள்ளையின் பல்லில் படியும் கறையில் நம் திறந்த குழாய்க்கும் பங்கு உண்டு.

நிக்காஹ் விருந்துகளில் இரண்டு மிடறு குடித்துவிட்டு வைத்துச் செல்லும் தண்ணீர் பாட்டில்களைப் பற்றி நீட்டிப் பேசப்போவதில்லை. பந்தி முடிந்த பின் ஒரு முறை மேசையை நின்று பாருங்கள், அதுவே போதும்.

நிறைவாக ஒன்று. இன்று இரவு வீட்டில் ஒளூ செய்யும்போது குழாயின் கீழே ஒரு வாளியை வையுங்கள். எவ்வளவு சேர்ந்தது என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம். நாளை அதைவிடக் குறைவாக இருக்கட்டும். மறுநாள் இன்னும் குறைவாக இருக்கட்டும்.

நாம் சொல்வதைச் செய்பவர்களாகவும், செய்வதைத் தொடர்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.