கட்டளை ஏடும் பிழை காணும் நெறியும்

(நம் சங்கத்துக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழிலக்கணம் கற்பித்து வாழும் யான் கணினித் தொழிலைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களிற் பலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். செயலாளர் இப்பொருளைக் கூறியபோது யானும் முதலில் மறுத்தேன். ஆயினும், சென்ற ஆண்டு நம் கல்வி நிதிக் கடிதங்களுக்கு நேர்ந்த இழுக்கை நீங்கள் அறிவீர்கள். அதன் காரணத்தைத் தேடிய மூன்று இரவுகளும் யான் உடனிருந்தேன். ஆண்டுக் கண்டதை அவையில் எடுத்துரைப்பது கடமையெனத் தோன்றியபடியால் இசைந்தேன். சொற்குற்றம் பொருட்குற்றம் உளவேல் பொறுத்தருள்க.

நிகழ்ந்தது இது. உதவி பெறும் மாணாக்கர்க்கு நாம் கையால் எழுதி வந்த கடிதங்களைக் கணினியே ஆக்கித் தருமாறு, என் தமக்கை மகன் ஊதியம் பெறாது ஒரு செயலி எழுதிக் கொடுத்தான். அவன் வீட்டுக் கணினியில் அது பழுதற இயங்கிற்று. பின்னர்ச் சங்கத்துக்கென வாடகைக்கு எடுத்த சர்வரில் அதனை ஏற்றினான். கடிதங்கள் அச்சாகின. ஒருவரும் ஒன்றையேனும் படித்துப் பாராமல் உறையிலிட்டு அனுப்பினோம். அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. கடிதம் ஒவ்வொன்றிலும் மாணாக்கர் பெயரும் ஊரும் செவ்வையாக இருந்தன. எஞ்சிய இடமெல்லாம் கேள்விக்குறி பொறித்த கரிய சாய்சதுரங்களே நிரம்பியிருந்தன.

நான்காம் நாள் மாலை ஓர் அம்மையார் அக்கடிதத்தைக் கையிற்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். “ஐயா, என் மகள் பேர் இருக்கிறது. மற்றதையெல்லாம் அடித்து மறைத்திருக்கிறார்கள். உதவி இல்லை என்றுதானே அர்த்தம்?” என்று கேட்டார். மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் எண்ணத்தையே விட்டு, நூற்பாலை வேலைக்கு அனுப்ப அவர் பேசி முடித்திருந்தார். என் உள்ளம் நடுங்கிற்று. அன்றே செயலாளரைக் கண்டு எல்லார் வீட்டுக்கும் ஆளனுப்பிச் செய்தி சொல்லச் செய்தோம். இதற்கிடையே நம்மவர் சிலர் அப்பையனை ஏசினர். அவனும் மனம் நொந்து, “மாமா, இனி இந்தப் பணியைத் தொடமாட்டேன்” என்றான். குற்றம் எங்கே என்று அறியாமல் பணியை விடுவது முறையன்று என்று யான் அவனைத் தடுத்தேன்.

நிற்க. பிழையை ஆராயுமுன் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். ஜாவா என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணினிமொழி. அம்மொழியில் மனிதன் எழுதுவது மூலநிரல். அதனைத் தொகுப்பி என்னும் கருவி பொறிக்கு ஏற்ற வடிவாக மாற்றும். பிறர் ஆக்கி வைத்த நூலகங்களைத் தருவித்தல், மூலநிரலைத் தொகுத்தல், சோதித்தல், ஒரே பொதியாகக் கட்டுதல் ஆகிய இவற்றை நாள்தோறும் கையாற் செய்யின் ஒன்று விடுபடும், ஒன்று முறைமாறும். ஆதலின் இவ்வரிசையை ஓர் ஏட்டில் எழுதிவைத்து, கணினியே அவ்வாறு செய்யுமாறு விடுகின்றனர். பில்ட் ஸ்கிரிப்ட் என்று நம் பிள்ளைகள் வழங்குவது இதுவே. இதனை யான் கட்டளை ஏடு என்பேன்.

இவ்வேட்டுக்கு ஒரு மரபு உண்டு. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் மேக் என்னும் கருவியை ஆக்கினார். அதில் கட்டளை வரி டேப் என்னும் தாவலிடத்தோடு தொடங்குதல் வேண்டும். அதற்கு மாறாகச் சாதாரண இடைவெளி இட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும், கருவியோ பிழையென்னும். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்து வருந்தியவர்க்கு இவ்விடர் எளிதில் விளங்கும். பின்னர் ஜாவாவுக்கென ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் என்பவர் ஆக்கிய ஆன்ட், 2000-ஆம் ஆண்டில் தனிக் கருவியாக வெளிவந்தது. மேவனின் முதல் நிலையான பதிப்பு 2004-இலும், கிரேடிலின் முதல் நிலையான பதிப்பு 2012-இலும் வெளியாயின. குறித்த வேளையில் இவ்வேடுகளைத் தானே இயக்கும் ஜென்கின்ஸ் போன்ற காரியக்காரரும் உளர். நம் செயலிக்கு அமைந்தது மேவன் ஏடு.

இனி மூன்று இரவுகளின் செய்தியைக் கூறுவேன்.

முதல் இரவு பையன் தன் போக்கில் முயன்றான். யாரோ எங்கோ எழுதிய பரிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டான். எழுத்துருவை மாற்றினான், தருவித்து வைத்த நூலகங்களையெல்லாம் அழித்து மீண்டும் தருவித்தான், ஒரு நூலகத்தின் பதிப்பை உயர்த்தினான். பழைய பிழை தீரவில்லை. புதிய பிழையொன்று தோன்றிற்று. எதனால் எது மாறிற்று என்பது அவனுக்கே விளங்கவில்லை. சுவடியில் பொருள் விளங்காத இடத்தில் தம் மனம்போனபடி பாடத்தைத் திருத்துவோர் செய்யும் தீங்கை யான் கண்டிருக்கிறேன். பிறகு மூலபாடம் எதுவென்று ஒருவராலும் சொல்ல இயலாது. அதனை எடுத்துக் கூறி, மாற்றியவை அனைத்தையும் முன்னிருந்தபடி ஆக்கச் சொன்னேன்.

இரண்டாம் இரவு கையை அசையாமல் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தோம். கடிதத்தில் பெயர்கள் செவ்வையாக உள்ளன. நிலையான வாசகங்களே சிதைந்துள்ளன. பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று வினவினேன். பதிவேட்டிலிருந்து, கடிதம் ஆகும் வேளையில் வருகின்றன என்றான். வாசகங்களோ என்றேன். அவை மூலநிரலுக்குள்ளேயே எழுதப்பட்டவை என்றான். இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே வழியில் அச்சேறுகின்றன. ஆதலின் எழுத்துருவும் அச்சும் குற்றமற்றவை. வாசகங்கள் அச்சுக்கு முன்னரே கெட்டிருத்தல் வேண்டும் என்பது தெற்றென விளங்கிற்று.

மூன்றாம் இரவு ஒரு சிறு கணக்கு வழிகாட்டிற்று. ‘கல்வி’ என்னும் சொல் நின்ற இடத்தில் எத்தனை சாய்சதுரங்கள் என்று எண்ணினேன், 15 இருந்தன. நமக்கு அது மூன்றெழுத்துச் சொல். கணினிக்கோ ககரம், லகரம், புள்ளி, வகரம், இகரக்குறி என 5 குறிகள். யூடிஎஃப்-8 என்னும் எழுத்து முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளாக எழுதப்படும். ஐந்தை மூன்றாற் பெருக்கினால் 15 அன்றோ? இதனைக் கூறியவுடன் பையன் துள்ளி எழுந்தான். எழுதும்போது கெட்டிருப்பின் குறிக்கு ஒன்றாக 5 வெறும் கேள்விக்குறிகளே இருக்கும். பைட்டுக்கு ஒன்றாக 15 இருத்தலின், யாரோ மூலநிரலை வாசிக்கும்போதே ஒவ்வொரு பைட்டையும் தனியெழுத்தாகக் கொண்டு, அறியேன் என்று குறியிட்டிருக்கிறார். அந்த ‘யாரோ’ தொகுப்பியே.

உடனே சர்வரின் லாக் என்னும் நிகழ்ச்சிக் குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தோம். இறுதியில் ‘பில்ட் சக்சஸ்’ என்று வெற்றி முழக்கம் இருந்தது. நடுவிலோ, மூலநிரலின் எழுத்து முறை குறிக்கப்படவில்லை, இந்தக் கணினியின் வழக்கப்படியே கொள்கிறேன், ஆகவே இந்த பில்ட் இடத்துக்கு இடம் மாறுபடும் என்னும் பொருள்பட மேவன் எச்சரித்திருந்தது. ஒவ்வொரு முறையும் எச்சரித்திருந்தது, ஒருவரும் படிக்கவில்லை. வீட்டுக் கணினியின் வழக்கம் யூடிஎஃப்-8. சர்வரிலோ ஆங்கில எழுத்துகள் மட்டுமே அடங்கும் ஆஸ்கி. அதில் இருந்த ஜாவா 8-ஆம் பதிப்பு இடத்தின் வழக்கையே பின்பற்றும். 2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பு முதலே, எங்கும் யூடிஎஃப்-8 என்பது பொதுவிதியாயிற்று.

மருந்து ஒரே வரி. மூலநிரலின் எழுத்து முறை யூடிஎஃப்-8 என்று மேவன் ஏட்டிலேயே எழுதினான், வாசகங்கள் உயிர்பெற்றன. அத்தோடு நில்லாமல், மாதிரிக் கடிதம் ஒன்றை ஆக்கிப் பார்த்து, அதில் ஒரு சாய்சதுரம் தோன்றினும் பில்ட் நின்றுவிடுமாறு சோதனையொன்றும் சேர்த்தான். செயலாளர் தவணையை நீட்டித்தார். புதிய கடிதங்களை இம்முறை யான் ஒவ்வொன்றாகப் படித்தே அனுப்பினேன். அவ்வம்மையாரின் மகள் இன்று கல்லூரியிற் படிக்கின்றாள்.

இதிலிருந்து இளைஞர்கள் கொள்ளத்தக்க நெறிகளைத் தொகுத்துக் கூறுவேன்.

முதலாவது, முதற்பிழையைக் காண்க. ஏட்டின் ஓட்டம் முறிந்தால் கடைசி வரி சாவு அறிவிப்பே. நோய் மேலே இருக்கும். ஓர் அறிவிப்பு விடுபட்டால் தொகுப்பி நூறு பிழைகளைக் காட்டும். முதலதைத் தீர்த்தால் எஞ்சியவை பல தாமே மறையும். ‘காஸ்ட் பை’ என்று அடுக்கடுக்காக வரும் காரணச் சங்கிலியில் மட்டும் முறை மாறும். அங்கே இறுதிக் காரணமே மூலகாரணம். குறிப்புப் போதாதாயின், விரிவாகச் சொல்க என்று கட்டளையிடும் வழி மூன்று கருவிகளிலும் உண்டு.

இரண்டாவது, இடத்தை ஒப்பிடுக. என் கணினியில் ஓடுகிறதே என்பது விடையன்று, அதுவே வினா. 17-ஆம் ஜாவாவில் தொகுத்ததை 8-ஆம் ஜாவாவில் இயக்கினால், 61 என்னும் எண் வந்துள்ளது, 52 வரையே அறிவேன் என்று பொறி மறுக்கும். 61 என்பது 17-ஆம் பதிப்பின் அடையாளம். 52 என்பது 8-இன் அடையாளம். மேவன் தன் பதிப்பைச் சொல்லும்போது தான் எந்த ஜாவாவைக் கொண்டு ஓடுகின்றது என்பதையும் சொல்லும். அதனை முதலிற் கேட்க.

மூன்றாவது, உறவுகளை அறிக. நாம் வேண்டிய நூலகம் வேறொன்றை வேண்டும். அது மற்றொன்றை வேண்டும். ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் மோதினால், மேவன் நமக்கு அணுக்கமான உறவினதைக் கொள்ளும். கிரேடில் பெரும்பாலும் உயர்ந்த பதிப்பைக் கொள்ளும். இவ்வேறுபாடு அறியாதார் தொகுக்கும்போது பிழையின்றி, இயங்கும்போது இல்லாத செயலைத் தேடி வருந்துவர். உறவு மரத்தை வரைந்து காட்டும் கட்டளை இரண்டிலும் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் நூலகத்தில் பெருங்குறை வெளிப்பட்டபோது, அது தம் செயலிக்குள் எவ்வழியே நுழைந்தது என்று பலர் அம்மரத்தைக் கொண்டே தேடினர்.

நான்காவது, வெளியுலகம் மாறும் என்பதை மறவற்க. நேற்றுவரை ஓடிய ஏடு ஓரெழுத்தும் மாறாமல் இன்று முறியலாம். 2020 ஜனவரி 15 முதல் மேவனின் நடுவண் களஞ்சியம் காப்பற்ற பழைய எச்டிடிபி வழியை மூடி, 501 என்னும் எண்ணோடு திருப்பி அனுப்பிற்று. பழைய முகவரி எழுதியிருந்த ஏடுகள் அன்றே முறிந்தன. அன்றியும், ஒரு முறை தருவிக்க இயலாது போனதை மேவன் நினைவில் வைத்து, குறித்த காலம் வரை மீண்டும் கேளாது. மறுபடி கேள் என்று நாமே சொல்லுதல் வேண்டும்.

ஐந்தாவது, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. பயனில்லையேல் அதனை மீட்டபின் அடுத்ததைத் தொடுக. பிழை தீர்ந்தபின் தீர்த்த முறையை ஏட்டிலேயே எழுதுக. உள்ளத்தில் மட்டும் வைத்தது அடுத்தவனுக்கு உதவாது.

பெரியோர்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் நம் பிள்ளைகள் திரையின் செவ்வரிகளை நோக்கி வாடியிருப்பதைக் காண்பீர்கள். அவர்களை ஏசுவதாற் பிழை தீராது. அருகில் அமர்ந்து, “எது சரியாக வருகிறது? எது வரவில்லை?” என்று கேளுங்கள். தொழில் தெரியாதவர் கேட்கும் அவ்வினாவுக்கு விடை சொல்லும்போதே பாதி வழி திறக்கும் என்பதை யான் கண்ணாற் கண்டேன். நம் சங்கத்துக்கு ஊதியமின்றி உழைத்த அப்பிள்ளையை ஏசியவர்கள் இன்று அவனை அழைத்து ஒரு நற்சொல் சொல்லுவார்களாயின், அதுவே இவ்வுரையின் பயன் என்று மகிழ்வேன்.